நான்காம் பாகத்தில் இருப்பவர்

ஏழு பாகக் கதைத்தொடர் ஒன்றில் நுழைந்து, அதன் நடுப்பாகத்திலேயே குடியேறிவிடுகிற ஒரு மனித வகை நம்மிடையே பெருகி வருகிறது. முதல் பாகத்தில் இவர்களை அடையாளம் காண முடியாது. அப்போது அவர்கள் நம்மைப் போலத்தான் இருப்பார்கள். கடைசிப் பாகத்திலும் முடியாது. அது இன்னும் வெளிவரவில்லை. பேருந்திலோ டீக்கடையிலோ கல்யாணப் பந்தியிலோ, காதில் வெள்ளையாக எதையோ செருகிக்கொண்டு, எதிரே நிற்பவரின் நெற்றிக்கு ஒரு சாண் மேலே பார்த்தபடி ஒருவர் தலையாட்டினால், அவர் உங்களுக்குத் தலையாட்டுகிறார் என்று நம்பிவிடாதீர்கள். நடுப்பாகம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பொன்னமராவதி வெற்றிசெல்வன் இந்த வகையின் முற்றிய வடிவம். புதுக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை. போகும் பேருந்திலும் வரும் பேருந்திலும் ஒலிநூல். அந்தக் கதையில், தலையில் கவசம் ஒன்றை மாட்டிக்கொண்டால் கணினி கட்டிய நகரம் கண்முன் விரிகிறது. அதற்குள் போன நாயகன் வெளியே வர வழி தெரியாமல் பாகம் பாகமாக அலைகிறான். அவ்வளவுதான் கதை. 'அவ்வளவுதான்' என்று மட்டும் வெற்றிசெல்வனிடம் சொல்லிவிடாதீர்கள்.

நியாயமாகப் பேசினால், கதை மோசமில்லை. பொய் நகரத்தில் மழை பெய்கிறது, நாயகன் நனைகிறான், ஆனால் குளிரவில்லை. அப்போதுதான் அவனுக்குப் பயம் வருகிறது. அந்த ஓர் இடம் நன்றாகவே இருக்கிறது. அதற்காக நாலு பாகமா?

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஜஸ்டின் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

"என்ன சார் கதை அது?"

"மொத மூணு பாகம் கேக்காம இது புரியாது ஜஸ்டின்."

"அப்ப மொதப் பாகத்துல ஆரம்பிக்கட்டா?"

"அது சுமாராத்தான் இருக்கும். மூணாவதுலதான் சூடு பிடிக்கும்."

"சரி, முடிவையாச்சும் சொல்லுங்க."

"முடிவா? எழுதுறவரே இன்னும் எழுதல."

உள்ளே போகவும் வாசல் இல்லை, வெளியே வரவும் வாசல் இல்லை. ஜஸ்டின் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

இந்த வகையினர் எதிரே பேசுகிறவரின் சொல்லைக் கேட்பதில்லை, உதட்டைப் பார்ப்பார்கள். உதடு நின்றதும் 'ம்', 'பார்ப்போம்', 'சரி சரி' என்று கைவசம் இருக்கிற பதில்களில் ஒன்றை எடுத்து வைப்பார்கள். ஆச்சரியம் என்னவென்றால், குடும்பம் நடத்த இந்தப் பதில்களே பெரும்பாலும் போதுமானவையாக இருக்கின்றன. மனைவி கார்த்திகா ஒருநாள் சோதித்தே பார்த்தாள்.

"என்னங்க, அடுப்படியில கழுதை நிக்குது."

"சரி சரி."

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போகுமாம்."

"பார்ப்போம்."

ஆனால் கதையை நிறுத்தும் வல்லமை ஒரே ஓர் ஆளுக்கு இருந்தது. தங்கை செல்வராணியின் கைக்குழந்தை. மாமன் மடியில் ஏறியதும் அவர் காதில் இருப்பதைப் பிடுங்கி வாயில் வைத்துச் சப்பும். நாயகன் எந்தப் பள்ளத்தில் தொங்கிக்கொண்டிருந்தாலும் சரி, வெற்றிசெல்வன் எச்சிலைத் துடைத்தபடி சிரிப்பார். அந்தக் குழந்தைக்குக் குளத்தூர்ப் பக்கம், மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். கூடப்பிறந்தவர் இருக்கும்போது வேறு மடிக்கு இடமில்லை. வெற்றிசெல்வன் பட்டு வேட்டி எடுத்தார், தங்கத்தில் கம்மல் வாங்கினார். ஊசி ஏறும்போது குழந்தை திமிறாமல் எப்படிப் பிடிப்பது என்று தலையணையை மடியில் வைத்துப் பழகினார். இதெல்லாம் அவர் கணக்கில் சேர வேண்டிய புண்ணியம்தான். மறுக்கவில்லை.

விசேஷத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை செல்வராணி வந்தாள். கார்த்திகா சந்தைக்குப் போயிருந்தாள். நாயகன் நகரத்தின் கடைசிக் கதவைக் கண்டுபிடித்திருந்தான்.

"அண்ணே, சித்தப்பா மகன் முத்துராஜ் துபாய்லருந்து வந்துருக்கான்ல, புள்ளைய அவன் மடியில வச்சுக் குத்திக்கிறேன்னு ஆசையாக் கேக்குறான். அவனுக்குக் கூடப்பிறந்த பொம்பளப் புள்ள இல்ல. ஒனக்குத்தான் உரிமை. நீ முடியாதுன்னா விட்டுருவோம்."

உதடு நின்றது.

"சரி சரி."

"மனசுல வருத்தம் ஒண்ணும் வச்சுக்க மாட்டியேண்ணே?"

"ம்."

செல்வராணிக்குக் கண் கலங்கிவிட்டது. நாயகன் கதவைத் தள்ளினான், வெற்றிசெல்வனுக்கும் கலங்கியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணைத் துடைத்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

விசேஷத்தன்று சீர்த்தட்டுகளோடு வெற்றிசெல்வன் கோயிலுக்குள் நுழைந்தபோது, மணைப்பலகையில் மாலை போட்டுக்கொண்டு முத்துராஜ் உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை அவன் மடியில். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிக்க. நான் உக்காரணும்."

முத்துராஜ் விழித்தான். செல்வராணி, "என்னண்ணே, நீதானே சரின்னு சொன்ன?" என்றாள்.

எப்போது சொன்னேன் என்று கேட்கலாம். கேட்டால், அன்று நீ பேசியது எதுவும் என் காதில் விழவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதோடு விடுவாளா? தன் கல்யாணப் பேச்சின்போது, பிரசவத்துக்குப் பயந்து அழுதபோது, மாமியார் பற்றிக் குறைபட்டபோது அண்ணன் ஆட்டிய தலைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். அத்தனை பாகத்தையும் திரும்பக் கேட்கிற துணிச்சல் வெற்றிசெல்வனுக்கு இல்லை.

"ஆமா, சொன்னேன்ல. கிட்ட இருந்து பார்க்கலாம்னுதான்," என்றார்.

மாப்பிள்ளை கோபிநாத் நாலு பேர் கேட்க ஆரம்பித்தார். "மச்சான் மனசு யாருக்கு வரும் சொல்லுங்க. கூடப்பிறந்தவரு, கேட்ட ஒடனே மடிய விட்டுக் குடுத்துட்டாரு."

"பெரிய மனுசன்யா," என்றார் ஒரு பங்காளி. பெண்கள் பக்கமிருந்தும் பாராட்டு வந்தது. கார்த்திகா மட்டும் கிட்டே வந்து மெதுவாக, "கழுதைக்குச் சொன்ன மாதிரிச் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

ஊசி ஏறியது. குழந்தை வீறிட்டு, முத்துராஜின் பிடிக்குள்ளிருந்து இவர் பக்கமாய்க் கையை நீட்டியது. மடியில் வைத்திருப்பவர் இறக்கிவிடும்வரை மற்றவர் தூக்கக் கூடாது. அன்று மரியாதைக்காக வெற்றிசெல்வன் காதில் எதையும் மாட்டியிருக்கவில்லை. அழுகை, மேளம், தன் பெருந்தன்மையைப் பற்றிய பேச்சு, எல்லாமே சுத்தமாகக் கேட்டது.

உங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நீங்கள் கதை கேட்கிறவர் அல்ல, வாசிக்கிறவர், மரியாதைப்பட்டவர். ஆனாலும் ஒரு சந்தேகம். இதை வாசித்துக்கொண்டிருந்தபோது நடுவில் யாரோ வந்து நின்று ஏதோ கேட்டார்கள், நீங்களும் ஏதோ சொன்னீர்கள், அவர்கள் ரொம்பத் திருப்தியாகத் திரும்பிப் போனார்கள். எழுந்து போய் என்னவென்று விசாரித்துவிடுவது நல்லது.