ராஜமாணிக்கத்தின் லேஸ் வாரம்

இனிமேல் இந்த வீட்டில் ஷூ லேஸைக் கயிறு என்று யாரும் சொல்லக் கூடாது. ராஜமாணிக்கம் இப்படி ஒரு சபதம் எடுத்தார். எடுத்துவிட்டு அலுப்போடு காலை நீட்டினார். மனைவி ஆண்டாள் குனிந்து கட்டிவிட்டாள்.

பாவம், மனுஷன் என்ன செய்வார்? இருபது வருஷம் பீங்கான் கம்பெனிக்குச் செருப்போடு போய் வந்தவர். சூப்பர்வைசர் ஆனதும் ஷூ மாட்டச் சொல்லிவிட்டார்கள். முடிச்சுப் போடப் பழக விரல் ஒத்துழைக்கவில்லை, குனியத் தொப்பை வழிவிடவில்லை. பெண்டாட்டி கட்டிவிடுவதுகூடப் பரவாயில்லை. தினமும் தெருவே கேட்க அவள் கூப்பிடுவதுதான் தாங்கவில்லை.

"என்னங்க, கயிறு கட்டணும், வாங்க!"

இதைக் கேட்பதற்கென்றே எதிர்வீட்டுக் காசியம்மாள் கோலத்தை இழுத்து இழுத்துப் போடுவாள்.

"நான் என்ன மாடா? லேஸுன்னு சொல்லு புள்ள."

"கட்டத் தெரிஞ்சவங்க என்ன பேரு வேணா வைக்கலாங்க. ஒரு வாரம் நீங்களே கட்டிக்கிங்க, லேஸுன்னே சொல்றேன். முடியலன்னா நீங்களும் தெரு கேக்க கயிறுன்னு சொல்லணும்."

"சரி!" ரோஷத்தில் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே ஜங்ஷன் பக்கம் செருப்பு தைப்பவரிடம் போய் உட்கார்ந்தார். ஆண்டாள் போட்ட முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தி, அவிழாதபடி அப்படியே தைத்து வாங்கிக்கொண்டார். மறுநாள் செவ்வாய்க்கிழமை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார், காலை நுழைத்தார், வெளியே வந்தார்.

"லேஸு கட்டியாச்சுங்களா?"

"ஆச்சு, ஆச்சு."

சனிக்கிழமைவரை இதே கதைதான். காசியம்மாளின் கோலம்கூடச் சின்னதாகிவிட்டது. ஞாயிறு லீவு. திங்கள் ஒரு நாள் தாண்டினால் ஜெயித்துவிடலாம்.

திங்கள் காலை பார்த்தால் ஷூ பளபளவென்று இருந்தது. லேஸைத்தான் காணோம்.

"ஆண்டாளு! ஷூவ என்ன பண்ண?"

"நேத்து கழுவுனேங்க. ஒரே களிமண்ணு. யாரோ தையலு வேற போட்டு வெச்சிருந்தாங்க, பிரிச்சுட்டேன். லேஸு கொடியில காயுது, கட்டிக்கிட்டுக் கிளம்புங்க."

கம்பெனிச் சங்கு ஊதப் பதினைந்து நிமிஷம் இருந்தது. லேட்டாக வருகிறவர்களைக் கேட்டிலேயே திருப்பி அனுப்புவது அவர் வேலை. லேஸை எடுத்துக் கோத்துப் பார்த்தார். ஒரு பக்கம் முழமும் மறுபக்கம் விரற்கடையுமாக வந்தது. உருவித் திரும்பவும் கொடியிலேயே போட்டார். அவமானமாக இருந்தது. அழாத குறையாக வாசலுக்கு வந்தார். காசியம்மாள் புள்ளி வைப்பதை நிறுத்தினாள்.

"ஆண்டாளு... அந்தக் கயிற எடுத்தாந்து கட்டி வுடு."

ஆண்டாள் கொடியை அண்ணாந்து பார்த்தாள்.

"எந்தக் கயிறுங்க? இங்க லேஸுதான காயுது?"