மச்சான் பாட்டும் மலிவு டிஸ்க்கும்

மச்சான் உச்சஸ்தாயியில் ஏறி நின்ற நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது.

ஏறியவருக்கு இறங்க வழி தெரியவில்லை. திறந்த வாய் திறந்தபடி அங்கேயே நின்றார். டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் எதையும் கவனிக்காமல் இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டு ஓய்ந்தார். கீபோர்டு வாசிக்கும் டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பிச் சிக்கனத்தைப் பார்த்தார்கள்.

சிக்கனம் என்பது ஆபீசில் வைத்த பெயர். தண்ணீர் வரி வசூலிக்கும் ஆபீசில் அவர் கிளார்க். ஒரு காகிதத்தில் இரண்டு பக்கமும் எழுதி முடித்த பிறகு ஓரத்தையும் விடமாட்டார். அந்தப் பெயர் எப்படியோ வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. மனைவி மட்டும் "ஏங்க" என்றே கூப்பிடுவாள். அதிலும் செலவு குறைவு என்று அவருக்குத் திருப்திதான்.

"என்ன மாப்ள, மறுபடியுமா?" என்றார் மச்சான். மனைவியின் அண்ணன் என்கிற அதிகாரம் அந்த 'மாப்ள'யில் கணீரென்று கேட்டது.

திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று கண் சிமிட்டியது. டிஸ்க்கின் வேகம் போதவில்லை, பதிவு நிறுத்தப்பட்டது என்றது.

"பாட்டு பிரமாதம் மச்சான். டிஸ்க்குக்குத்தான் தாங்கல."

"டிஸ்க்குக்குத் தாங்கலையா, உங்களுக்குத் தாங்கலையா?"

வம்பை விலைக்கு வாங்கியவர் சிக்கனம்தான். உள்ளூர் வானொலியில் புதிய இசைக்குழுக்களுக்கு ஒரு நிகழ்ச்சி தொடங்கப்போகிறார்கள், சனிக்கிழமைக்குள் ஒரு பாட்டைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்று தெரிந்ததும், மச்சான் ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்றார். "ஸ்டூடியோவுக்கு எதுக்கு மச்சான் தண்டம் அழணும்? ஆளுக்கு ரெண்டு மைக், மைக்குக்கு ஒரு டிராக்னு எட்டு டிராக்கையும் வீட்லயே எடுத்துடலாம். நான் பண்ணித் தர்றேன்" என்று நடுவில் வாயைக் கொடுத்தார் சிக்கனம்.

காசு மட்டும் காரணமில்லை. அவர் அந்தக் குழுவில் பேஸ் கிட்டார். வாசித்தாலும் யாருக்கும் தெரியாது, நிறுத்தினாலும் தெரியாது என்பது மச்சானின் கட்சி. போதாததற்கு மச்சானின் ஆபீஸ் காஷியர் பளபளவென்று ஒரு பேஸ் கிட்டார் வாங்கியிருக்கிறாராம். "ஆளு நல்லா வாசிக்கிறாருய்யா" என்று மச்சான் சொல்ல ஆரம்பித்த நாளிலிருந்து சிக்கனத்துக்குச் சோறு இறங்கவில்லை. வாரம் முழுக்க ரசீதில் முத்திரை குத்துகிற மனிதருக்கு, அந்த மூலையில் கிட்டாரோடு நிற்கிற நேரம்தான் தான் ஒரு ஆள் என்று தோன்றும் நேரம். பதிவு செய்கிற வேலையும் தன் கையில் இருந்தால் தன்னை யாரும் கழற்றிவிட முடியாது என்று கணக்குப் போட்டார்.

"சனிக்கிழமைக்குள்ள பாட்டு கைக்கு வரணும் மாப்ள" என்றார் மச்சான், செருப்பை மாட்டிக்கொண்டே. "இல்லேன்னா நான் வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன். ரெக்கார்டிங்குக்கு மட்டும் இல்ல, பேஸுக்கும் சேர்த்து."

மறுநாள் ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டம்காரரைப் பிடித்தார்.

"எத்தனை டிஸ்க் சார் இருக்கு?"

"ஒண்ணுதான். கம்ப்யூட்டர் வாங்குனப்பவே உள்ள இருந்தது."

"அட கடவுளே! சிஸ்டமும் அதுலயே ஓடி, எட்டு டிராக்கும் அதுலயே ஏறுதா? ஒரே ஆளு பில்லும் வாங்கி, புகாரும் வாங்கி, டீயும் குடிச்சா க்யூ நகருமா? பாட்டுக்குன்னு தனியா ஒரு டிஸ்க் போடுங்க."

நியாயமான பேச்சு. சிக்கனம் சாயங்காலமே கடைக்குப் போனார். கடைக்காரர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ரெக்கார்டிங்குன்னா கண்ணை மூடிட்டு எஸ்.எஸ்.டி. எடுங்க சார். உள்ள சுத்துறது எதுவும் இல்ல. சத்தம் இல்ல. வேகம்னா வேகம்."

விலையைக் கேட்ட சிக்கனத்துக்கு வேர்த்துவிட்டது. "இத்துனூண்டுக்கா?" என்று கையில் வாங்கி எடை பார்த்தார். கனமே இல்லை. கனமில்லாத பொருளுக்குக் காசு கொடுக்க அவருக்கு மனசு வராது. பக்கத்து அலமாரியில் செங்கல் மாதிரி ஒன்று இருந்தது. விலையோ பாதிகூட இல்லை.

"இதுல எவ்வளவு பிடிக்கும்?"

"உங்க ஆயுசுக்கும் பாடலாம் சார். ஆனா இது பழைய போட்டோவெல்லாம் போட்டு மூடி வைக்கிறதுக்கு…"

'ஆனா'வுக்குப் பிறகு வந்த எதுவும் சிக்கனத்தின் காதில் விழவில்லை. ஆயுசுக்கும் என்ற சொல்லிலேயே அவர் மயங்கிப் போயிருந்தார்.

செங்கல் டிஸ்க் முதல் பாதிவரை ஒழுங்காகத்தான் எழுதியது. அதற்குள் டீச்சர் ஒரு சுரத்தைத் தப்பாகத் தொட்டுவிட்டார். நிறுத்தினார்கள். தப்பு யார்மேல் என்று சண்டை போட்டார்கள். சண்டை முடிந்து மறுபடி தொடங்கியபோது முதல் அடி பதிவாகவே இல்லை.

"எங்கய்யா என் பல்லவி?"

சிக்கனம் குனிந்து டிஸ்க்கில் காதை வைத்துப் பார்த்தார். அப்போதுதான் அது ம்ம்ம் என்று முனகியபடி எழுந்துகொண்டிருந்தது. வேலை இல்லாவிட்டால் கரண்ட் மிச்சம் பிடிக்கத் தானாகவே தூங்கிவிடுகிற ஜாதி டிஸ்க் அது. எழுப்பினால் சோம்பல் முறித்துவிட்டுத்தான் சுற்றும்.

"உங்களுக்கேத்த டிஸ்க்தான் வாங்கியிருக்கீங்க" என்றாள் மனைவி, டீ டம்ளரை நீட்டியபடி.

"தூங்காம இருக்கணும்னா நாம நிறுத்தாம வாசிக்கணும். நடுவுல சண்டை போடாம இருந்தா போதும்" என்று சிக்கனம் யோசனை சொன்னார். அது நடக்கிற காரியமா என்ன? சண்டை போட்டது யார் என்பதிலேயே அடுத்த சண்டை வந்து, அதற்குள் டிஸ்க் இரண்டு தூக்கம் போட்டு எழுந்தது.

சிக்கனம் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். கடைக்காரர் சிரிக்காமல் எஸ்.எஸ்.டி.யை மறுபடி எடுத்து வைத்தார்.

"அதை உள்ள வைங்க. வேகமா, தூங்காத டிஸ்க்கா, விலை கம்மியா எதுவும் இல்லையா?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளேயிருந்து தூசு தட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் சர்வரில் பல வருஷம் உழைத்து ஓய்வு பெற்றதாம். "இது கண்ணை மூடவே மூடாது சார். பிசாசு மாதிரி சுத்தும். கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான்."

"நாங்க போடாத சத்தமா? குடுங்க" என்றார் சிக்கனம்.

பிசாசு டிஸ்க் எள்ளளவும் நிற்காமல் எழுதியது. எட்டு டிராக்கும் ஒரு சொட்டு சிந்தாமல் உள்ளே இறங்கின. சிவப்புக் கட்டம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெருமை பிடிபடாமல் சிக்கனம் பாட்டைப் போட்டுக் காட்டினார். மச்சான் பாடினார், பின்னாலேயே கர்ர்ர் என்று ஒன்று பாடியது. மச்சான் மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில் டக் டக் என்று கதவைத் தட்டியது.

"எட்டு மைக்லயும் இது விழுந்திருக்கு" என்றார் டீச்சர்.

"என் பாட்டுக்குள்ள யாருய்யா ஆணி அடிக்கிறது?" என்று மச்சான் குதித்தார்.

கம்ப்யூட்டரைக் குளியலறைக்குக் கடத்தினார் சிக்கனம். ஒயர் போதாமல் கதவு பாதி திறந்தே நின்றது. குளியலறை அந்தச் சத்தத்தை வாங்கி மும்மடங்காகத் திருப்பிக் கொடுத்தது. குளிக்கப் போன மனைவி துண்டும் கையுமாகத் திரும்பி வந்தாள்.

"ஏங்க, பாட்டு வானொலியில வருதோ இல்லையோ, நம்ம வீட்டு நாத்தம் தெருவுல வரப்போகுது. அதை எடுக்கறீங்களா, இல்ல நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போய்க் குளிக்கட்டுமா?"

எடுத்தார். படுக்கையறையில் இருந்த மர அலமாரியிலிருந்து துணியை எல்லாம் அள்ளி வெளியே போட்டுவிட்டு, டிஸ்க்கை மட்டும் கழற்றி ஒயரோடு உள்ளே வைத்தார். ஆடாமல் இருக்கட்டும் என்று பலகையோடு சேர்த்துத் திருகாணி போட்டு இறுக்கினார். கதவைச் சாத்தி மேலே போர்வையைத் தொங்கவிட்டார். கர்ர்ர் குறைந்தது வாஸ்தவம்தான். ஆனால் பலகை முழுக்க அதிர்ந்து, டக் டக் என்பது கும் கும் என்று தொப்பை போட்டுக்கொண்டு வெளியே வந்தது.

"அலமாரிக்குள்ள யாரையாவது பூட்டி வச்சிருக்கீங்களா?" என்று மருந்துக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

அதற்குள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. வேறு வழியில்லை. அந்தக் கும்முக்கும் டக்குக்கும் நடுவிலேயே ஒரே மூச்சில் பாடி முடித்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. சண்டை போடக்கூட யாருக்கும் தெம்பில்லை. சத்தத்தை மட்டும் பிரித்து எடுக்கச் சிக்கனம் தெரிந்த பொத்தானை எல்லாம் அமுக்கிப் பார்த்தார். டக் டக்கைக் குறைத்தால் மச்சானும் சேர்ந்து குறைந்தார். கடைசியில் முழுதாக இருந்த பாட்டு அது ஒன்றுதான் என்பதால் சனிக்கிழமை காலை அதையே வானொலிக்கு அனுப்பிவைத்தார்கள். ஏதோ சாவு வீட்டுக்குத் தந்தி அனுப்புகிற முகம் எல்லோருக்கும்.

அடுத்த வாரம் மைக்குகளையும் டிரம்ஸையும் எடுத்துப் போக மூன்று பேரும் வந்தார்கள். மச்சான் உட்காரவில்லை.

"மாப்ள, மனசுல வச்சுக்காதீங்க. நாளையிலேர்ந்து காஷியர் வாசிக்கட்டும். நீங்க வீட்ல ஓய்வா இருங்க."

சிக்கனம் கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டார். "நான் வேணும்னா எஸ்.எஸ்.டி. வாங்கிடறேன் மச்சான். நல்லதாவே வாங்கிடறேன்." அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு மனைவியே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பட்டது போதும்யா. எங்க அந்தச் சனியன்?"

சிக்கனம் அலமாரியைக் காட்டினார். மச்சான் திருகாணியைக் கழற்றி டிஸ்க்கைப் பின்கட்டுக்கு எடுத்துப் போனார். துவைக்கிற கல்லில் வைத்தார். சுத்தியலை ஓங்கினார்.

"வேண்டாம் அண்ணா, பழைய இரும்புக் கடையில போட்டாலும் ஏதாவது கிடைக்கும்" என்றாள் மனைவி. அத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் குணம் அவளுக்கும் கொஞ்சம் தொற்றியிருந்தது.

"இது இனி இன்னொருத்தன் பாட்டைக் கெடுக்கக் கூடாதும்மா" என்று மச்சான் போட்டார் ஒரு போடு. மூடி தெறித்தது. இன்னொரு போடு. உள்ளே இருந்த வட்டத் தகடு வளைந்து சாக்கடைப் பக்கம் உருண்டது. ஆத்திரம் தீரும்வரை அடித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சிக்கனம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அடி விழுந்தது தன் தலையில்தான் என்று அவருக்குத் தோன்றியது.

அப்போது மச்சானின் போன் அடித்தது.

"வானொலி நிலையத்துலேர்ந்து பேசறோம் சார். உங்க பாட்டு தேர்வாகியிருக்கு" என்றது ஒரு பெண் குரல்.

மச்சான் சுத்தியலைக் கீழே போட்டார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம்மா. அந்த உச்சஸ்தாயி இடம் இருக்கே, அது நானே…"

"அது இருக்கட்டும் சார். எங்க நிலையத்துல எல்லாரும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டது அந்தத் தாளத்தைத்தான்."

மருந்துக்கடைக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. போன் பக்கம் சாய்ந்து, "டிரம்ஸ் நான்தாம்மா" என்றார்.

"டிரம்ஸ் இல்ல சார். அதுக்குப் பின்னாடி கும்… டக்டக்… கர்ர்ர்னு ஒருத்தர் விடாம வாசிக்கிறாரே, அவரு."

மச்சான் துவைக்கிற கல்லைப் பார்த்தார். சிக்கனம் மச்சானைப் பார்த்தார்.

"ஹலோ, கேக்குதா சார்? மத்தவங்க வர முடியலேன்னாலும் பரவாயில்ல, அவரை மட்டும் பத்திரமாக் கூட்டிட்டு வந்துடுங்க."