மூரில் நான் விட்டுவந்த பூட்ஸ்

வடக்கு யார்க்‌ஷயர்,
பிப்ரவரி 3, செவ்வாய்க்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க அக்கா ஹெஸ்டருக்கு, தம்பி லயனல் வணக்கத்துடன் எழுதும் கடிதம். இங்கே நானும் என் வீட்டு பாய்லரும் முனகிக்கொண்டேனும் ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் அத்தானுடைய இருமலும் எப்படி என்று அறிய ஆவல். “வேலைதான் முடிந்துவிட்டதே, ஜன்னலில் உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்க்காதே, எதிலாவது போய்ச் சேர்” என்று கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருந்தாய். சேர்ந்தேன். ஆகவே பின்வரும் அனைத்துக்கும் நீயே பொறுப்பு என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் முழங்கால்வரை சேறு பூசிக்கொண்டு என் ஜன்னலைக் கடந்து போவார்கள். மழையானாலும் பனியானாலும் போவார்கள், அதுவும் சிரித்துக்கொண்டே. மேலே மூரில், அந்தப் புதரும் சேறுமான மேட்டுவெளியில், ஊரும் இல்லை, கடையும் இல்லை. அப்படி எதைப் பார்க்கப் போகிறார்கள்? நாற்பது வருஷம் ரயில்வே விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் அடுத்தவர் கேள்விக்கே பதில் சொன்னவன் நான். என் கேள்விக்கு யார் பதில் சொல்வது? போன ஞாயிறு, அவர்கள் கூடுகிற இடமான நூலகத்துக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே இரண்டு கூட்டம். ஒன்று நாலு மைல் நடந்து தேநீர்க்கடையில் முடிவது, என் வயதுக்கு ஏற்றது. மற்றது பதினொரு மைல். எது எதுவென்று கேட்க வாயெடுக்கும்போது ஒருவர் பழக் கேக் நீட்டினார், நான் தின்றுவிட்டேன். தின்றபிறகு ‘நீங்கள் எந்தக் கூட்டம்’ என்று கேட்பது மரியாதையா, சொல். அவர் பதினொரு மைல்காரர். நடந்தேன்.

தலைவி எய்லீன். எழுபத்துநாலு வயது, பிரசவம் பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ், ஆடு மாதிரி ஏறுகிறாள். ஹெதர் புதருக்குள்ளிருந்து காட்டுக்கோழி ஒன்று படபடவென்று கிளம்பி என் உயிரைப் பாதி எடுத்தது. அது ‘திரும்பிப் போ, திரும்பிப் போ’ன்னுதான் கத்தும்னு எய்லீன் சொன்னாள். அப்பவே கேட்டிருக்கணும். ஆனா அதுக்குள்ள எனக்கு வேறொரு சங்கதி மாட்டிடுச்சு அக்கா. முன்னால வரைபடத்தோட போறவர் நைஜல், கடைசியில ரெண்டு குச்சி ஊன்றி வர்றவள் க்ளெனிஸ். ரெண்டு பேரும் நேரா ஒரு வார்த்தை பேசிக்கறதில்லை. நடுவுல நடந்த நான்தான் தபால்காரன். “பின்னால வர்றவங்ககிட்ட சொல்லுங்க, இடதுபக்கம் திரும்பறோம்னு” என்பார் அவர். “முன்னால போறவர்கிட்ட சொல்லுங்க, அது தப்பான வழின்னு” என்பாள் இவள். கேக் கொடுத்தவரிடம் மெல்ல விசாரித்தேன். இருபத்தெட்டு வருஷம் புருஷன் பெண்டாட்டியா இருந்து, பிரிஞ்சு ஆறு வருஷம் ஆச்சாம். வீட்டைப் பிரிச்சாங்களாம், பாத்திரத்தைப் பிரிச்சாங்களாம், மூரை மட்டும் பிரிக்க முடியலையாம். கூட்டத்தை விட்டுப் போக ரெண்டு பேருக்கும் மனசில்லை.

மூணு மணிக்கு மூடுபனி இறங்கிச்சு. கையை நீட்டினா கையுறை தெரியலை. நாலரைக்கு இருட்டிடும். நைஜல் இடதுன்னார், க்ளெனிஸ் வலதுன்னாள். அவர் சொன்னதை அவளிடம் சொல்லிவிட்டு, முகம் எப்படிப் போகுதுன்னு திரும்பிப் பார்த்துக்கிட்டே ஒரு அடி வைச்சேன் பாரு, பச்சைப்பசேல்னு பாசி, அடியில தரையே இல்லை. தொடைவரை இறங்கிட்டேன். அக்கா, நிஜமாகவே பயந்துட்டேன். முன்னாலேர்ந்து அவரும் பின்னாலேர்ந்து இவளும் ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடிச்சாங்க. எய்லீன் என் தலைமாட்டில் மண்டிபோட்டு, “முக்காதீங்க, மூச்சை மெல்ல விடுங்க, தானா வரும்” என்றாள்.

அப்பதான் க்ளெனிஸ் சொன்னாள்: “நைஜல், இடுப்பை வளைக்காதே. அப்புறம் ஒரு வாரம் படுத்துக்கிடப்பே.”

“அது சரியாப் போச்சு. உன் கையுறை எங்கே?”

“வேலிகிட்ட விட்டுட்டேன்.”

“எப்பவும் விடறவதானே நீ. இந்தா, இதைப் போடு.”

ஆறு வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சு. குறுக்கே விழக்கூடாதேன்னு நான் அசையாம இருந்தேன், அதுல இன்னும் ரெண்டு அங்குலம் இறங்கிட்டேன். “லயனல், நீங்க கொஞ்சம் ஒத்துழைச்சா நல்லாருக்கும்” என்றாள் எய்லீன். கடைசியில் நான் வந்தேன், இடது பூட்ஸ் வரலை. க்ளெனிஸ் காய்ந்த காலுறை கொடுத்தாள், நைஜல் தன் ரொட்டிப் பையை மேலே கட்டிவிட்டார். “நீ சொன்ன வழியிலேயே போவோம்” என்றார், அவளைப் பார்த்தே. அதுதான் சரியான வழி. இருட்டும் நேரத்துக்கு ஊர் விளக்கைப் பார்த்தோம்.

இப்போது கால் பூசணிக்காயாக வீங்கிக் கிடக்கிறது. இரண்டு வாரம் கீழே ஊன்றக்கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே வரும் ஞாயிறு உன் வீட்டு விருந்துக்கு வர இயலாமைக்கு வருந்துகிறேன். மேலே மூரில் பார்க்க ஒன்றும் இல்லை, மூடுபனிதான் இருக்கிறது. என் ஆசை தீர்ந்தது. இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் கூரை ஒழுகாமலும் அடுப்பு அணையாமலும் இருக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
லயனல்

பி.கு: கால் வீங்கவில்லை. டாக்டரையும் பார்க்கவில்லை. வருகிற ஞாயிறு பதிமூன்று மைல் நடக்கிறோம், புது பூட்ஸ் வாங்கிவிட்டேன். என்னைக் கூட்டிப்போக நைஜலும் வருகிறேன் என்றிருக்கிறார், க்ளெனிஸும் வருகிறேன் என்றிருக்கிறாள். வாசலில் வந்து நிற்கப்போவது ஒரு காரா, இரண்டு காரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அத்தானிடம் வீக்கத்தை மட்டும் சொல்.