வாத்துப் பட்டியில் விழுந்த நடுப்புள்ளி

ஓல்ஷான்கா,
ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ரூஷெனா அக்காவுக்கு, தம்பி ஆல்பின் பணிவுடன் எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் ப்ர்னோ நகரத்து ஆறாம் மாடியில், லிஃப்ட் ஓடுகிற நாளிலும் ஓடாத நாளிலும், மூட்டுவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். என்னைப் பற்றிக் கேட்டால், உடம்பு நலம், மற்றதெல்லாம் நலமில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பின்னறையைக் காலி செய்து வை. "அந்தக் கொசுவுக்கும் வாத்துக்கும் நடுவுல ஒண்டியா கிடந்து என்னடா பண்றே?" என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டாயே, இதோ வருகிறேன். வரும் சனிக்கிழமை அத்தானை வண்டி எடுத்துக்கொண்டு வரச் சொல்.

நம் மாவட்டம் உனக்குத் தெரியாததல்ல. மேலே மலைக்காரர்கள். அங்கே உருளைக்கிழங்கும் காற்றும்தான் விளையும். காற்று உள்ளே போய்விடும் என்று வாயைத் திறக்காமலேயே பேசுவார்கள். கீழே குளத்துக்காரர்கள். கெண்டை மீன் விற்றுக் காசு பார்த்தவர்கள், கொசுவைக்கூட உறவுக்காரன் மாதிரி நடத்துவார்கள். மாவட்டத் தலைநகரம் ஒரு கோடியில், வந்த விருந்தாளி செருப்பைக் கழற்ற மனமில்லாமல் வாசலிலேயே நிற்பதுபோல் நிற்கிறது. இடையில் அகப்பட்ட நம்மை மேலே இருப்பவர்கள் கீழே என்பார்கள், கீழே இருப்பவர்கள் மேலே என்பார்கள். நாம் எங்கே இருக்கிறோம் என்று இத்தனை காலம் யாரும் அக்கறைப்பட்டதில்லை, நிம்மதியாக இருந்தோம். அந்த நிம்மதிக்குத்தான் இந்த வசந்தத்தில் கொள்ளி வைத்தார்கள்.

பட்டியில் வாத்துகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே முக்காலிக் கருவியுடன் ஒரு அம்மாள். பெயர் வெண்டுலாவாம், மாவட்ட அலுவலகத்துச் சர்வேயராம்.

"ஐயா, உங்க வாத்துங்களைக் கொஞ்சம் அந்தப் பக்கம் ஓட்டறீங்களா? மாவட்டத்தோட நடுப்புள்ளி மேல நிக்குதுங்க."

"நடுப்புள்ளியா? என் பட்டியில அதை யாரு கொண்டாந்து வச்சது?"

"யாரும் வைக்கலைங்க. எல்லையெல்லாம் அளந்து கணக்குப் போட்டா தானா வந்து விழுது."

"விழறதுக்கு அதுக்கு வேற எடமே கிடைக்கலையா?"

அன்றே நம் ஊர்த் தலைவி யர்மிலா பிளம் சாராயப் புட்டியோடு வந்துவிட்டாள். தபால்காரர் மகள் யர்மிலாதான், சின்ன வயதில் உன் சைக்கிளைக் கடன் வாங்கி ஆற்றில் விட்டாளே, அவளேதான். இலையுதிர் காலத்தோடு நம் ஊருக்கு வரும் ஒரே பஸ்ஸையும் நிறுத்தப்போகிறார்களாம். "நடுப்புள்ளின்னா ஜனம் பாக்க வரும், ஜனம் வந்தா பஸ் வரும். செனெக்குக்கு மாசாமாசம் ஆஸ்பத்திரியில கண்ணுல ஊசி போடணும். பஸ் இல்லேன்னா நீங்க முதுகுல தூக்கிட்டுப் போவீங்களா அண்ணே?" என்றாள். பக்கத்து வீட்டு செனெக் என்னைவிட இரண்டு மடங்கு கனம். சம்மதித்துவிட்டேன்.

பட்டியின் பாதி வேலியைப் பிடுங்கிக் கருங்கல் நட்டார்கள். வந்தார்கள் அக்கா, வந்தார்கள்! தோலோடு தைத்த மாதிரி உடுப்புப் போட்ட சைக்கிள்காரர்கள், கல்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொள்ள. ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். ஒரு அம்மாள், படத்துக்கு இடைஞ்சலாக இருப்பதால் வாத்துகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். யர்மிலா தினமும் காலையில் ஊர் ஒலிபெருக்கியில் பித்தளை வாத்தியம் போட்டுவிட்டு, "திரு. ஆல்பின் தோட்டத்துக்கு வருவோர் அவருடைய தக்காளிச் செடிகளை மிதிக்க வேண்டாம்" என்று அறிவிக்க, அதுவரை என்னிடம் தக்காளி இருப்பது தெரியாதவர்களும் பையோடு வந்தார்கள்.

நேற்று கல் திறப்பு விழா. பஸ்ஸை ஓட்டுவதா நிறுத்துவதா என்று முடிவு செய்கிற பெரிய மனிதரே வந்திருந்தார். தீயணைப்புத் தொண்டர்களின் வாத்தியம் முழங்கியது. அவர் நாடாவை வெட்டக் குனிந்தார். குனிந்திருக்கக் கூடாது. என் ஆண் வாத்து மார்ஷல் பின்பக்கமாக வந்து கால்சட்டையைக் கவ்விக்கொண்டான். துணி கிழிந்த சத்தம் வாத்தியத்தையும் மீறிக் கேட்டது. மனிதர் இரண்டு கையாலும் பின்னால் பொத்திக்கொண்டு ஓட, எதிரே நம் பஸ் நின்றது. ஏறிவிட்டார். டிரைவர் ஸ்லாவ்கா கதவைச் சாத்தினாள்.

"ஏம்மா, எங்க போறே? நிறுத்து!"

"நிறுத்தத்துலதான் சார் நிக்கும். நேரமாயிடுச்சு."

அடுத்த நிறுத்தத்திலும் அவர் இறங்கவில்லை. எழுந்தால்தானே இறங்க! இருக்கையோடு ஒட்டிக்கொண்டு மாவட்டம் முழுக்கச் சுற்றியிருக்கிறார். மலைப் பக்கம் பஸ் ஏறிய கிழவிகள் அவருக்கு ஆளுக்கொரு கொலாச் ரொட்டியும் அவரவர் முழங்கால் கதையும் கொடுத்தார்களாம். கசகசா வைத்த ரொட்டியைத் தின்றுவிட்டுப் பாலாடைக்கட்டி வைத்ததை வேண்டாம் என்றதற்கு, "எங்க ஊருக்குத்தான் ஒண்ணும் செய்யலை, எங்க ரொட்டியையுமா ஒதுக்குறீங்க?" என்று ஒருத்தி அதட்டியிருக்கிறாள். குளத்துப் பக்கம் ஏறிய ஒருவன் கெண்டை மீன் வாளியை அவர் மடியில் வைத்து, "கொஞ்சம் புடிச்சுக்குங்க, குலுங்கினா செத்துடும்" என்றானாம். எல்லாம் ஸ்லாவ்கா சொன்னது.

பஸ் திரும்பி வந்தபோது ஜனம் கலையாமல் நின்றது, பீர் தீரவில்லை. யாரோ ஒரு மலைக்காரியின் பூப்போட்ட சமையல் ஏப்ரனைப் பின்பக்கமாகக் கட்டிக்கொண்டு மனிதர் இறங்கினார். நேராக ஒலிபெருக்கிக்குப் போனார்.

"இந்த பஸ்ஸை நிறுத்த முடியாது. நிறுத்தவே முடியாது!"

கூட்டத்தின் பின்னாலிருந்து செனெக் கத்தினார்: "நிறுத்தலேன்னா நாங்க எப்படிய்யா ஏறுறது?"

யர்மிலா அழுதேவிட்டாள். சரி, பஸ் பிழைத்தது. செனெக்கின் கண்ணும் பிழைத்தது. நான்தான் பிழைக்கவில்லை. இன்று காலையில் வந்து மீதி வேலியையும் எடுக்க வேண்டும், பெஞ்சும் ஐஸ்கிரீம் கடையும் வைக்க வேண்டும் என்கிறாள். மாவட்டத்துக்கு நடுவில் வாழ்வதைவிட ஆறாம் மாடியில் தொங்குவதே மேல் என்று முடிவு செய்துவிட்டேன். வாத்துகள் செனெக்குக்கு. இதில் மாற்றமே இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்களை உருளைக்கிழங்கு உருண்டையை முட்கரண்டியால் குத்தாமல் நூலால் அறுத்துச் சாப்பிடப் பழக்கு.

உன் அருமைத் தம்பி,
ஆல்பின்.

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டப்போன நேரத்தில் வெண்டுலா அம்மாள் வெளிறிய முகத்தோடு வந்தார். பழைய வரைபடத்தை வைத்து அளந்துவிட்டாராம். ஓடைக்கு அப்பால் இருக்கும் புகோவா கிராமம், என்றோ ஓட்டுப் போட்டுப் பக்கத்து மாவட்டத்தோடு போய்விட்டதே, அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார். அதைக் கழித்தால் நடுப்புள்ளி லொட்டா ஊர்க்காரன்களின் மதுக்கடை முற்றத்தில் போய் விழுகிறது. அவர் பின்னாலேயே லொட்டாக்காரன்கள் கல்லைத் தூக்க டிராக்டரோடு வந்துவிட்டார்கள். "நீங்கதான் வேண்டாம் வேண்டாம்னீங்களேண்ணே, விட்டது சனியன்" என்றாள் யர்மிலா, மூக்கைச் சிந்திக்கொண்டே. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த டிராக்டர் என் தக்காளிப் பாத்தியில் ரிவர்ஸ் எடுத்ததைப் பார்த்ததும் என்ன வந்ததோ, போய்க் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். "கல்லு இங்கேதான்டா இருக்கும். வேணும்னா மாவட்டத்தை நகத்திக்கச் சொல்லு" என்றேன். மார்ஷலும் என் பக்கம் நின்றான். டிராக்டர் திரும்பிப் போய்விட்டது.

மாவட்டத்தை நகர்த்த முடியுமாம் அக்கா. வெண்டுலா அம்மாளே சொன்னார்: புகோவா மறுபடி ஓட்டுப் போட்டு நம்மோடு சேர்ந்தால் புள்ளி பட்டிக்குத் திரும்பிவிடும். நாளை நானும் யர்மிலாவும் புட்டியோடு அங்கே போகிறோம். பின்னறையைக் காலி செய்யாதே. செய்திருந்தால் யாருக்காவது வாடகைக்கு விடு. சனிக்கிழமை மட்டும் நீங்கள் கட்டாயம் வர வேண்டும். அத்தானை நல்ல கோட்டாகப் போட்டுக்கொள்ளச் சொல். புகோவா அவர் பிறந்த ஊர், பாதிப் பேர் அவருக்குச் சொந்தம். மீதிப் பாதியோடு அவர் பேசுவதில்லை. இந்த ஒரு தடவை பேசட்டும்.