ஆலிவ் ஜாடி மேலிருந்த வானத்துக் கல்

அன்பு மகள் திலெலிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் ஆய்வுக்கூடமும் அங்குள்ள கண்ணாடிக் குப்பிகளும் விரிசலில்லாமல் இருக்க அல்லாஹ் அருள் செய்வானாக. இங்கே நானும் உன் உம்மாவும் ஆடுகளும் சுகம். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் உன் உம்மா பக்கத்தில் நின்று வாக்கியத்துக்கு வாக்கியம் திருத்துவாள். ஆகவே ஸகோரா பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வசந்தத்தில் நம் பேரீச்சந்தோப்பில் விழுந்த கல்லுக்குள் அமினோ அமிலம் இருக்கிறது, அது வானத்திலேயே உண்டானது என்று நீ எழுதினாய் அல்லவா, அதை மறுத்து, வானமும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, எல்லாம் அந்த வீட்டுச் சமையலறையில் ஒட்டிக்கொண்டது என்று பதில் எழுதினாரே ஃபெஸ் நகரப் பேராசிரியர் கெஸூஸ், அவரேதான் நேற்று நம் வாசலில் வந்து இறங்கினார். கையில் வெள்ளைக் கையுறை, தோளில் பெட்டி. அடுத்த மாதம் உன் ஆய்வேட்டைப் பரிசோதிக்கும் சபையில் அவரும் ஒருவர் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்து, அவசரமாக ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். கல்லை முதலில் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். அலமாரியில், துணியில் சுற்றி என்று நான் வாயைத் திறப்பதற்குள் உன் உம்மா அவரை அடுக்களைக்கே அழைத்துப் போய், "இந்த ஆலிவ் ஜாடி மூடி மேலதான் வெச்சிருந்தேன். என்ன பாரம் தெரியுமா, அந்தத் தடவை ஒரு காய்கூட மெதக்கலை" என்று பெருமையாகக் காட்டிவிட்டாள். அவர் முகம் பெருநாள் பிறை பார்த்த மாதிரி மலர்ந்தது. என் முகத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

பிறகு ஆலிவ், எண்ணெய், சீரகம், தேயிலை, சுவர்ச் சுண்ணாம்பு எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை எடுத்துக் குப்பியில் அடைத்தார். கல்லைத் தொட்டவர்கள் யார் யார் என்று கேட்டார். தொடாதவர்கள் யார் என்று கேட்டிருந்தால் பதில் சுருக்கமாக இருந்திருக்கும். பஞ்சால் உள்ளங்கையைத் துடைத்து எடுக்கிறார்கள் என்று செய்தி பரவி, சர்க்கரை நோய்க்கு இலவசப் பரிசோதனை என்று தெரு முழுக்க வரிசையில் நின்றுவிட்டது. உன் மாமி, "எனக்கு எவ்வளவு இருக்குன்னு சொல்லாம நான் போகமாட்டேன்" என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொள்ள, அவர் பாவம், "ரொம்பக் கம்மியாத்தான் இருக்கு, தைரியமாப் போங்க" என்று சொல்லித் தப்பினார். மாமி அன்றே பேரீச்சம்பழத்தில் இறங்கிவிட்டாள்.

சாப்பாட்டிலும் வம்பு. கையுறையைக் கழற்றாமல் தஜீன் சட்டிக் கறியில் கைவைக்கப் போனவரைப் பார்த்து உன் உம்மா, "கையில உறை போட்டுக்கிட்டுத் தொட என் சமையல் என்ன தேளா?" என்றாள். கழற்றினார். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம்தான் மனிதர் கொஞ்சம் இளகினார். பூமியில் உயிருள்ளவற்றில் இருக்கும் அமினோ அமிலம் ஏறக்குறைய எல்லாம் இடக்கை வார்ப்பு என்றும், வானத்தில் தானாக உண்டானது என்றால் இடமும் வலமும் பெரும்பாலும் சரிபாதியாக இருக்கும் என்றும், உன் கல்லில் இடது தூக்கலாக இருப்பதால்தான் தமக்குச் சந்தேகம் என்றும் விளக்கினார்.

"அப்ப நம்ம உடம்பு பூரா இடக்கை வேலையா? ரொட்டிகூட இடக்கையால தொடமாட்டோமே" என்றாள் உன் உம்மா.

"அம்மா, இதே கேள்வியை நாங்களும் ரொம்ப வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கோம். பதில்தான் வரலை" என்று முதல் தடவையாகச் சிரித்தார்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? என் மகளைக் கேட்டா சொல்லுவா" என்றாள் இவள். எனக்குத் தேநீர் புரைக்கேறியது.

திலெலி, இனி நல்ல சேதி. இன்று காலையில் ஆடு மேய்க்கும் பாஸு, அதே கல்லின் இன்னொரு துண்டைக் கொண்டுவந்தான். வறண்ட உப்புத் தரையில் கிடந்ததாம். ஊரில் நடப்பதைக் கேள்விப்பட்டு, விரல் படாமல் இரண்டு கரண்டியால் தூக்கிப் புதுப் பையில் போட்டு, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வந்திருந்தான். பேராசிரியர் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "எந்தக் கையும் படாத கல்லு. இதுல இடமும் வலமும் சரிபாதியா இருந்துதுன்னா, உங்க மக சொன்னதுதான் சரி. சபையில நானே எழுந்து சொல்லுவேன்" என்றார். வாக்கு மாறுகிற முகமாகத் தெரியவில்லை. கல்லை விருந்தினர் அறை மாடத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடிவைத்துவிட்டு, அஸர் தொழுகைக்குப் பிறகு கிளம்புவதாகச் சொல்லி, நிம்மதியாகப் படுத்துக் குறட்டை விடுகிறார். நீயும் அப்படியே தூங்கு. உன் படிப்பும் நம் வீட்டின் மானமும் அந்தக் கிண்ணத்துக்கடியில் பத்திரமாக இருக்கின்றன.

உன் கண்ணுக்குக் குளிர்ச்சியும் உன் குப்பிகளுக்குச் சுத்தமும் கிடைக்கட்டும். உம்மா முத்தம் சொல்லச் சொன்னாள். மாமியின் சலாம்.

இப்படிக்கு,
உன் வாப்பா
ஹம்மு

பி.கு.: இதை மடித்துக்கொண்டே முற்றத்துக்குப் போனேன். உன் உம்மா அந்தக் கல்லைக் கறுப்புச் சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, மினுமினுப்புக்கு ஆர்கன் எண்ணெயும் தடவிக்கொண்டிருக்கிறாள். "விருந்தாளி கையில அழுக்குக் கல்லையா குடுத்தனுப்பறது? ஃபெஸ்காரங்க நம்மளை என்ன நெனைப்பாங்க?" என்கிறாள். கல் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. வாசனையும் குறை சொல்வதற்கில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று உடனே பதில் எழுது. குறட்டை நின்றுவிட்டது.