க்ளிப்லெஸ் பெடலில் மாட்டிய கால்

மாடம்பாக்கம்,
திங்கட்கிழமை காலை

சிரஞ்சீவி ஷ்யாம்சுந்தருக்கு,

உன் அத்திம்பேர் ராஜாராமனின் மனப்பூர்வமான ஆசிகள். பெங்களூரில் நீயும் உன் அகத்தில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அக்கா அபிதகுஜாம்பாளும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. அவள் சௌக்கியம். நான் இடது காலை முக்காலிமேல் நீட்டி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாதா என்று கேட்பாய். அதில் நான் எதை எழுதினாலும் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். இது கட்டைவிரலில் முடிகிற விஷயம் இல்லை. சுருக்கமாகச் சொன்னால், நீ எனக்குக் கொடுத்த மவுண்டன் பைக்கை வந்து எடுத்துக்கொண்டு போய்விடு. விரிவாகக் கீழே.

உன்மேல் எனக்குக் கோபம் துளியும் இல்லை. நான் இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ரிடையரான பிறகு இந்த வீட்டில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். உன் அக்கா கணக்கு டீச்சர். காலையில் அவள் பள்ளிக்கூடம் கிளம்பிப் போனதும் எனக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. அதனால் சமையலறை டப்பாக்களை அகரவரிசையில் அடுக்கி வைத்தேன். காபிப்பொடிக்குப் பக்கத்தில் கரப்பான் மருந்து வந்துவிட்டது. அவள் உனக்குப் போன் பண்ணி அழுதாள். நீயும் புது சைக்கிள் வாங்கிய கையோடு பழையதை லாரியில் ஏற்றி எனக்கு அனுப்பிவைத்தாய். அதற்குப் பிறகு வீட்டில் சண்டை நின்றது. விடிந்ததும் ஏரிக்கரை, கோயில் மதிலோரம், அப்படியே அகரம்தென் பக்கம் என்று ஒரு சுற்று போய்விட்டு வந்தால், எனக்கு யாரும் ஃபைல் அனுப்புவதில்லையே என்கிற வருத்தம் போய்விடும். சர்க்கரைகூட இறங்கியது. நன்றி மறந்து எழுதுகிறேன் என்று நினைக்காதே.

வினையெல்லாம் அப்கிரேடில்தான் வந்தது. ஞாயிறு காலையில் வண்டலூர் பக்கம் போய்வரும் ஒரு சைக்கிள் கோஷ்டியில் சேர்ந்தேன். அதற்குத் தலைவர் சேலையூர் ராகவேந்திரா. அவர் உன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ஃபிரேம் நல்ல ஃபிரேம் சார். மத்ததெல்லாம் மாத்திடலாம்" என்றார். மலைப்பாதையில் பிடிமானம் வேண்டும் என்று அகலமான ஹேண்டில்பார் போடவைத்தார். மலைப்பாதை எப்படியோ, எங்கள் வாசல் கேட்டில் அது நுழையவில்லை. மாடிப்படியில் பீரோவை ஏற்றுகிற மாதிரி சாய்த்துச் சாய்த்து உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது. அப்புறம் முள்முள்ளாக டயர். தார் ரோட்டில் அது போடுகிற சத்தத்துக்குத் தெருநாய்கள் என்னைக் கேம்ப் ரோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தன. அப்புறம் டிராப்பர் சீட்டு. ஹேண்டில்பாரில் ஒரு விசையை அமுக்கினால் நாம் உட்கார்ந்திருக்கிற சீட்டு நம்மோடு கீழே இறங்கும். செங்குத்தான இறக்கத்தில் அது அவசியம் என்றார். மாடம்பாக்கத்தில் செங்குத்தான இறக்கம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கடைசியில் பெடலுக்கு வந்தோம். க்ளிப்லெஸ் பெடல் என்று அவர் சொன்னபோது, க்ளிப் இல்லாத பெடல் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டேன். இங்கிலீஷ் தெரிந்தவன் அப்படித்தானே நினைப்பான். கடையில் போய்ப் பார்த்தால் அதில்தான் க்ளிப்பே இருக்கிறது. ஷூவுக்கு அடியில் ஒரு இரும்புத் துண்டை ஸ்க்ரூ போட்டுப் பொருத்துகிறார்கள். மிதித்தால் அது பெடலில் டக்கென்று மாட்டிக்கொள்கிறது. குதிகாலை வெளிப்பக்கமாகத் திருகினால்தான் விடும். கடையில் ஏஞ்சல் என்று ஒரு பெண், மரியாதையான பெண், "நீங்க ட்ரெயில் ஓட்டுவீங்களா, கிராஸ் கன்ட்ரியா சார்?" என்று கேட்டாள். "மாடம்பாக்கத்திலேர்ந்து வண்டலூர்மா" என்றேன். அவள் சிரிக்காமல் மூன்று தினுசு எடுத்து வைத்தாள். ஒன்று முட்டை அடிக்கிற கம்பி மாதிரி இருந்தது. அதன்மேல் கால் வைப்பதைவிட அதைச் சமையலறையில் வைக்கலாம். இன்னொன்றில் க்ளிப்பைச் சுற்றிப் பாதம் வைக்கக் கொஞ்சம் இடம் இருந்தது. மூன்றாவது சாதா பெடல். "புதுசா பழகறவங்களுக்கு இதுதான் சார் நல்லது. கால எப்ப வேணா எடுத்துக்கலாம்" என்றாள். ராகவேந்திரா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எதிரில் சாதா பெடல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பார்க்கவாவது பெடல் மாதிரி இருக்கட்டும் என்று நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டேன். கடையிலேயே மாட்டித் தருவதாகச் சொன்னாள். எனக்குத்தான் பகலெல்லாம் சும்மா இருக்கிற கை இருக்கிறதே என்று யூடியூப் பார்த்து நானே மாட்டினேன். புது ஷூவாயிற்றே, அடிப்பாகம் நொந்துபோகப் போகிறது என்று அந்த ஸ்க்ரூக்களை லேசாக முடுக்கினேன். பெடல் ஸ்பிரிங் டைட்டாக இருந்தால்தான் சக்தி வீணாகாது என்று ராகவேந்திரா சொல்லியிருந்ததால், அதைத் திரும்புகிற மட்டும் முடுக்கினேன். இரண்டையும் மாற்றிச் செய்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஜி.எஸ்.டி. ரோட்டில் போய்விட்டுத் திரும்பினேன். பெருங்களத்தூர் சிக்னல் எனக்கென்றே பச்சையாக இருந்ததால் விஷயம் அங்கே தெரியவில்லை. எங்கள் வாசலுக்கு வந்து இடது குதிகாலைத் திருகினேன். ஷூ திரும்பியது, அடியில் இருந்த இரும்பு திரும்பவில்லை. ஒரு ஸ்க்ரூ வழியில் எங்கோ விழுந்திருக்கிறது. வலது காலைத் திருகினேன். நான் முடுக்கிய ஸ்பிரிங் விடவில்லை. நின்றால் விழ வேண்டியதுதான். அதனால் நிற்காமல் நேரே போய்விட்டேன். எங்கள் தெருவையும் அடுத்த தெருவையும் சுற்றினால் மறுபடி எங்கள் வாசல் வரும். உன் அக்கா ரப்பர் குழாயைப் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். "அபிதா, கால் வரலை" என்று சொல்லிக்கொண்டே கடந்தேன். அடுத்த சுற்றில் வந்தபோது, "யாரோட கால்? போன் உள்ளே சார்ஜ்ல இருக்கு" என்றாள். "போன் இல்லை, என் கால்" என்றேன். அதற்கு அடுத்த சுற்றில், "உங்களுக்கு நீங்களே எதுக்குக் கால் பண்றேள்? தோசை வார்க்கட்டுமா?" என்றாள்.

சுவரையோ கம்பத்தையோ பிடித்து நின்றிருக்கலாமே என்பாய். பிடித்தேன். அடுத்த தெரு வேதா மாமி வீட்டுக் கேட்டைப் பிடித்தேன். அது திறந்துகொண்டது. உள்ளே போய், அவர்கள் காரை ஒரு பிரதட்சணம் வந்தேன். மாமி படியில் நின்று, "வாங்கோ, காபி சாப்பிடறேளா?" என்றார். "இன்னொரு நாள் வரேன் மாமி" என்று சொல்லி வெளியே வந்தேன். தெருவில் நாலு பேர் எனக்குக் கையாட்டினார்கள். ஒருவர் தன் பிள்ளையிடம், "இந்த வயசுல பார்றா" என்று என்னைக் காட்டினார். எனக்குத் தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. விழுந்தால் இடுப்பு போய்விடும், அப்புறம் நான் படுக்கையில், அவள் பள்ளிக்கூடம் பாதி எனக்குப் பாதி என்று என்னென்னவோ தோன்றியது.

கோவளத்திலிருந்து ஞாயிறுதோறும் மீன் கொண்டுவந்து தெருமுனையில் விற்கிற பொன்னிதான் முதலில் சந்தேகப்பட்டாள். "இன்னா சார், அப்போலேர்ந்து சுத்திகினே கீற, வூட்டாண்ட எறங்க மாட்டியா?" என்றாள். "எறங்க முடியலைம்மா, ரெண்டு காலும் மாட்டிண்டுடுத்து" என்றேன். அவள் மீன் கூடைமேல் கோணியைப் போட்டு மூடிவிட்டு எங்கள் வாசலுக்கு ஓடி, "யக்கா, சாருக்கு எறங்க வரலக்கா. தண்ணிய வுட்டுட்டு வா, ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சிக்கலாம்" என்றாள். அடுத்த சுற்றில் நான் வந்தபோது இரண்டு பேரும் ரோட்டில் தயாராக நின்றார்கள். நான் பிரேக் பிடித்தேன். பொன்னி ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தாள். நல்ல பிடி. ஆனால் அவள் உள்ளங்கை அந்த டிராப்பர் விசையின்மேல். சீட்டு என்னோடு இறங்கியது. "இன்னாக்கா இது, ஆளு உள்ள போறாரு" என்றாள். என் தோளைப் பிடிக்க வந்த உன் அக்கா, தோள் இருந்த இடத்தில் காற்றைப் பிடித்தாள். மூன்று பேரும் சைக்கிளுமாக எதிர்வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் சாய்ந்தோம்.

பொன்னி முதலில் எழுந்து, "மணல்ல வுழுந்த சார், பொழச்ச" என்று சிரித்துவிட்டுக் கூடையைப் பார்க்கப் போனாள். உன் அக்கா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. மணலில் மண்டி போட்டு என் ஷூ நாடாவை அவிழ்த்துக் காலை வெளியே எடுத்தாள்; ஷூ இரண்டும் பெடலிலேயே இருந்தன. "விரலை ஆட்டுங்கோ" என்றாள். ஆட்டினேன். கணுக்கால் சுளுக்கு, அவ்வளவுதான். அப்புறமும் என் பாதத்தை அவள் விடவில்லை. "கால் வரலைன்னு நீங்க சொன்னப்போ நான் தோசையைப் பத்திப் பேசிண்டிருந்தேனே" என்றாள். பிறகு புடவையில் இருந்த மணலைத் தட்டிக்கொண்டே, "அந்த வண்டி இனிமே இந்த வாசல்ல நிக்கக்கூடாது" என்றாள். சரி என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

ஆகவே ஷ்யாம், வருகிற வாரம் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போ. ஹேண்டில்பார், டயர், சீட்டு எல்லாம் உனக்கே. ஏரிக்கரைக்கு இனி நடந்து போகிறேன். நீ நீண்ட ஆயுளோடும் உறுதியான முழங்காலோடும் இருக்க வேண்டும். நீ போகிற பாதையெல்லாம் சமதரையாக அமைய வேண்டும். குழந்தைகளுக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்
ராஜாராமன்

பி.கு.: தபாலில் சேர்க்க முடியாமல் இந்தக் கடிதம் இரண்டு நாள் மேஜையிலேயே கிடந்தது, நல்லதாகப் போயிற்று. உனக்குத் திருப்பிக் கொடுப்பதற்குமுன் சாதா பெடல் மாட்டி வைக்கலாம் என்று உன் அக்கா நேற்று சாயங்காலம் வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். தள்ளிக்கொண்டு போனவள் ஓட்டிக்கொண்டு வந்தாள். கும்பகோணத்தில் உன்னைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதே அவள்தானாமே. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா. ராகவேந்திராவுக்குப் போன் பண்ணி அடுத்த ஞாயிறுக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஆகையால் நீ வர வேண்டாம். அங்கே ஏதாவது ஒரு பழைய சைக்கிள் கிடைத்தால் எனக்கு லாரியில் போட்டு அனுப்பு. "வேகமா மிதிச்சா இந்த சாதா பெடல்ல கால் வழுக்கறது. அந்த க்ளிப் பெடல் எதுக்குன்னு இப்பதான் புரியறது" என்கிறாள். அவளுக்குப் பொருந்துகிற ஷூ அங்கே கிடைக்குமா என்றும் விசாரி. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட அவள் வாசலைக் கடந்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, நில் என்று ஜன்னல் வழியாகக் கை காட்டினேன். "எனக்கு நிக்கத் தெரியும். இப்ப நிக்கறதா இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டாள்.