வடையை முடிக்காமல் விழுந்த பெரியப்பா

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால்காரர் "சுத்தமான பால்ம்மா" என்று சொன்னால், தண்ணீரை எந்தக் குழாயில் பிடித்திருப்பார் என்று யோசிப்பேன். கிரிவலப் பாதையில் யாராவது இலவசமாக மோர் கொடுத்தால், தேர்தல் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன். (குடிக்காமல் மட்டும் வந்ததில்லை.) இந்தக் குணத்தால் ஒரு உயிர் பிழைத்தது, என் மானம் போனது. இரண்டும் ஒரே பந்தியில் நடந்தன.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. நான் திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். முதலுதவிப் பயிற்சிக்குப் பள்ளியிலிருந்து ஒருவர் போக வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றதும் மற்ற டீச்சர்களின் மாமியார்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் உடம்புக்கு முடியாமல் போனது. எனக்குக் கல்யாணமாகவில்லை, நோய்வாய்ப்பட மாமியாரும் இல்லை. மாட்டிக்கொண்டேன்.

அங்கே இடுப்போடு முடிந்துபோன ஒரு ரப்பர் பொம்மையைக் கிடத்தி, அதன் நெஞ்சை அமுக்கச் சொன்னார்கள். பயிற்சி கொடுத்தவர் அவ்வளவு அன்பாகப் பேசினார். கடைசியில் குக்கர் விற்கத்தான் இத்தனை அன்பு என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. எப்போது குக்கர் வெளியே வரும் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தேன். வரவே இல்லை. ஏமாற்றமாகப் போய்விட்டது. ஆனால் காத்திருந்த நேரத்தில் அவர் சொன்னது காதில் விழுந்துவிட்டது.

"கூப்பிட்டா பதில் இல்ல, மூச்சு ஒழுங்கா இல்லன்னா, ஆஸ்பத்திரிக்குச் சொல்ல ஒருத்தர அனுப்பிட்டு உடனே நெஞ்சு நடுவுல அமுக்க ஆரம்பிங்க. கரையில போட்ட மீன் மாதிரி வாய் அப்பப்ப திறக்கும், குறட்டை மாதிரி சத்தம்கூட வரும். அத மூச்சுன்னு நம்பி ஏமாந்துடாதீங்க."

'ஏமாந்துடாதீங்க' என்ற ஒரு சொல்லுக்காக அவரை மன்னித்தேன்.

இனி பெரியப்பா. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்தார். வாதத்தில் தோற்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு வலிக்கும். இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றில் இன்று மோட்டார் முறை யாருடையது என்று அப்பா கேட்டால் போதும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்வார். பெரியம்மா ஒப்பாரியை ஆரம்பிப்பார். பெரியப்பா ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து, யார் யார் அழுகிறார்கள் என்று கணக்கெடுப்பார். நான் அழ மாட்டேன். அதனால் என்மேல் அவருக்கு எப்போதும் ஒரு கறுவல் உண்டு.

அந்தக் கிணற்றுச் சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது; அக்காவின் நிச்சயதார்த்தத்துக்காக அப்பா போய்க் கெஞ்சி அவரைக் கூட்டி வந்திருந்தார். திருவண்ணாமலையில் ஒரு சின்ன மண்டபம். தட்டு மாற்றி முடித்துப் பகல் பந்தி. பெரியப்பா புதுப் பட்டு வேட்டியில், சம்பந்திக்குப் பக்கத்து இலையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். நான் எதிர் வரிசையில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். யாருடனோ சிரித்துப் பேசியவர், பேச்சு பாதியில் நிற்க, அப்படியே பக்கவாட்டில் சரிந்தார்.

"ஆரம்பிச்சுட்டாரு," என்று அம்மா என் காதில் முணுமுணுத்தார். "சம்பந்திக்கு முன்னால மானத்த வாங்கறதுக்குன்னே வந்தாரு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் இலையைப் பார்த்தேன். வடை பாதி கடித்தபடி கிடந்தது. எங்கள் பெரியப்பா நடித்திருந்தால் வடையை முடித்துவிட்டுத்தான் விழுந்திருப்பார். பட்டு வேட்டி முழுக்க சாம்பார். வேட்டி கறைபடவும் அவர் விடமாட்டார். சந்தேகம் அப்படியே திரும்பி நின்றது: இது நடிப்புதானா?

உடம்பு ஒரு முறை வெட்டி இழுத்தது. "வலிப்பு! இரும்பு குடுங்க!" என்று நாலு பேர் கத்தினார்கள். யாரோ பீரோ சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார்கள். ("அது எங்க வூட்டு சாவி, பத்திரம்!" என்று அந்தக் களேபரத்திலும் ஒரு குரல்.) சம்பந்தி சோடாவை உடைத்து அவர் வாயில் ஊற்றப் போனார். நான் பாயச வாளியைப் போட்டுவிட்டு ஓடி, பாட்டிலைத் தட்டிவிட்டேன். சோடா முழுக்க சம்பந்தியின் சட்டையில்.

"பெரியப்பா! பெரியப்பா!" தோளைத் தட்டினேன். பதில் இல்லை. வாய் திறந்து, ஒரு குறட்டைச் சத்தம் வந்து, அடங்கியது.

"மூச்சு வருது பாரு, தூங்கறாரு," என்றார் பெரியம்மா.

"அது மூச்சில்ல பெரியம்மா!" என்று கத்திவிட்டு, அப்பாவைப் பார்த்து, "பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்குச் சொல்லுப்பா, வண்டி எடுக்கச் சொல்லு!" என்றேன். மண்டியிட்டு, அவர் நெஞ்சின் நடுவில் கைமேல் கை வைத்து அமுக்க ஆரம்பித்தேன். பொம்மைக்கு எலும்பு இல்லை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். உள்ளே எங்கோ 'மளுக்' என்றது.

பெரியம்மாவின் காதிலும் அது விழுந்தது. "ஐயோ, கெணத்துச் சண்டைய மனசுல வச்சிக்கினு என் புருஷன நெஞ்சுலயே குத்தறாளே! புடிங்கடி அவள!" என்று என் பின்னலைப் பிடித்து இழுத்தார். அம்மா என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். "இன்னாடி பண்ற? அக்கா வாழ்க்கைல மண்ணு போடறியா?" மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவரை அடிக்கிற குடும்பத்தில் பெண் எடுக்கலாமா என்ற கேள்வி அவர்கள் முகத்தில் அச்சடித்தது போல் தெரிந்தது.

எனக்கும் பயம்தான். ஒருவேளை இது நிஜமாகவே நடிப்பாக இருந்துவிட்டால்? இருந்துவிட்டுப் போகட்டும், எழுந்து என்னை அறையட்டும், எழுந்தால் போதும் என்று இருந்தது. கிணறு, மோட்டார், கறுவல் எதுவும் நினைவில் இல்லை. அழுதுகொண்டே அமுக்கினேன். அவருக்காக நான் அழுத முதல் முறை, பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கை ஓய்ந்து வந்தபோது மாப்பிள்ளை ஜரிகை அங்கவஸ்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு எதிரில் மண்டியிட்டார். "எப்படின்னு காட்டுங்க. நான் பண்றேன், நீங்க மூச்சு வாங்கிக்குங்க." மண்டபத்தில் என்னை நம்பிய ஒரே ஆள். மாறி மாறி அமுக்கினோம். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த வேனில் ஏற்றி, இருக்கைகளுக்கு நடுவில் கிடத்தியும் நிறுத்தவில்லை. பெரியம்மா கடைசிவரை என் பின்னலை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். கதவுக்கு வெளியேயும் பெரியம்மா என் பின்னலைப் பிடித்தபடியே நின்றார். வெகுநேரம் கழித்து டாக்டர் வந்து, "நெஞ்ச அமுக்குனது யாரு?" என்றார்.

"இதோ, இவதான்!" பெரியம்மா என்னை முன்னால் தள்ளினார். போலீஸைக் கூப்பிடப் போகிறார்கள் என்று அவருக்கு நம்பிக்கை, எனக்குச் சந்தேகம்.

"நல்ல வேளை பண்ணீங்க," என்றார் டாக்டர். "சாதாரண அட்டாக்னா ரத்தக் குழாய்ல அடைப்பு, ஆளு பேசிக்கிட்டே நடந்துகூட வருவாரு. இவருக்கு இதயமே டக்குனு நின்னு போச்சு. நீங்க வெளியேருந்து அமுக்கினதாலதான் மூளைக்கு ரத்தம் போயிருக்கு. பொழைச்சுக்குவாரு. விலா எலும்பு ரெண்டு ஒடைஞ்சிருக்கு, அது கூடிடும்."

பெரியம்மா பின்னலை விட்டார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், கலைந்த பின்னலை அங்கேயே அவிழ்த்து, விசும்பிக்கொண்டே திரும்பப் பின்னிவிட்டார். நானும் தலையைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அக்கா கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எங்கள் வீட்டில் இன்றும் யாராவது வேலைக்குப் பயந்து முதுகு வலி, தலை சுற்றல் என்று படுத்தால், "அவளைக் கூப்பிடட்டுமா?" என்று என்னைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். நோய் பறந்துவிடும். பெரியப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "என் தம்பி பொண்ணு பண்ண வேலை," என்று புகார் வாசிப்பார். நன்றி என்ற சொல் அவர் வாயிலிருந்து இதுவரை வந்ததில்லை. வந்திருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு காதுகுத்து. "அவகிட்ட என்ன உக்கார வைக்காதீங்கப்பா, இன்னும் ரெண்டு எலும்பு போயிடும்," என்று எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போயிருப்பேன். பின்னால் அவர் தன் மகனை அதட்டுவது கேட்டது.

"டேய், அவ கிளம்பறா பாரு. அவ இல்லாத எடத்துல நான் பந்தில உக்கார மாட்டேன், எனக்கும் வண்டிய எடு."